டைனோவில் 540, டிராக்கில் 12.36: சூப்பர்சார்ஜர் போட்ட சக்தி எங்கே போகிறது?

வி8_விசிறி

எல்லோருக்கும் வணக்கம். வண்டி எனக்குப் பிடிபடவே மாட்டேன் என்கிறது. உங்கள் கண்ணுக்கு ஏதாவது படுகிறதா பாருங்கள்.

5.0 லிட்டர் வி8, ஆறு கியர் மேனுவல், பின்சக்கர ஓட்டம். எஞ்சின் மேல் உட்கார்ந்து, பெல்ட்டால் சுழலும் ரோட்டர்களால் காற்றை உள்ளே திணிக்கும் ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர், அந்தக் காற்றை ஆற்றத் தண்ணீரில் குளிரும் இன்டர்கூலர். 9 பிஎஸ்ஐ பூஸ்ட் (திணிக்கும் காற்றின் கூடுதல் அழுத்தம்) வரும் அளவு புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்). எக்சாஸ்ட் கம்பெனி கொடுத்தபடியே இருக்கிறது. டைனோவில் (திறனை அளக்கும் மேடை) சக்கரத்தில் 540 குதிரைத்திறன். என்னையும் சேர்த்து எடை 1,770 கிலோ.

கால் மைல் டிராக்கில் கிடைத்த சீட்டு (நேரம் நொடியில், வேகம் மணிக்கு மைலில்):

ரியாக்‌ஷன் 0.612
60 அடி: 2.05
330 அடி: 5.35
எட்டில் ஒரு மைல்: 8.05, வேகம் 94 மைல்
1000 அடி: 10.37
கால் மைல்: 12.36, வேகம் 113 மைல்

சூப்பர்சார்ஜரே இல்லாமல் இதே எஞ்சினோடு வருகிறவர்கள் ஏறக்குறைய இந்த நேரத்தில் ஓடிவிட்டுப் போகிறார்கள். செக் எஞ்சின் விளக்கு எரியவில்லை, வித்தியாசமான சத்தமும் இல்லை. வெயில் 34 டிகிரி. இன்னும் சின்ன புல்லி போட்டு பூஸ்ட்டைக் கூட்டினால் சரியாகுமா?

பூஸ்ட்_பிரியன்

போடுங்க ப்ரோ. இரண்டு பிஎஸ்ஐ ஏற்றினால் நேரம் தானாக 11 நொடிக் கணக்குக்குள் வரும்.

கால்மைல்காரன்

தம்பி, புல்லிக்கு ஆர்டர் போட்டிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். இருக்கிற 9 பிஎஸ்ஐ எங்கே போகிறது என்று தெரியாமல் 11 கேட்பதில் அர்த்தமில்லை.

ரியாக்‌ஷனை விட்டுவிடுங்கள். பச்சை விளக்கு வந்து நீங்கள் ஐந்து நொடி தூங்கினாலும் ஓட்ட நேரத்தில் அது சேராது, வண்டி நகர்ந்த பிறகுதான் கடிகாரம் ஓடும்.

60 அடி நேரம் சொல்வது பிடிமானத்தையும் கிளம்பிய விதத்தையும். 2.05 என்பது இந்த மாதிரி வண்டிக்கு மோசம்தான். அங்கே பத்தில் ஒரு நொடியைக் காப்பாற்றினால் கடைசியில் 0.15 முதல் 0.2 வரை திரும்பக் கிடைக்கும். ஆனால் உங்கள் நோய் அது இல்லை. டயர் வழுக்கினால் நேரம்தான் கெடும், கோட்டைத் தாண்டும்போது இருக்கும் வேகம் பெரிதாகக் குறையாது. அந்த வேகம் குதிரைத்திறனும் எடையும் சேர்ந்து போடும் கணக்கு.

கணக்கு இப்படி: எடையைப் பவுண்டில் எடுத்து, குதிரைத்திறனை அதால் வகுத்து, கனமூலம் கண்டு, 234-ஆல் பெருக்குங்கள். உங்கள் எடை 3,900 பவுண்டு. 113 மைல் வேகத்தைத் தலைகீழாகப் போட்டால் சுமார் 440 குதிரைத்திறன் வருகிறது. 540 இருந்திருந்தால் 121 மைல் வந்திருக்க வேண்டும். இத்தனைக்கும் இந்தச் சூத்திரம் எஞ்சின் திறனுக்கானது, நான் சக்கரத் திறனைப் போட்டு உங்களுக்குச் சலுகை கொடுத்திருக்கிறேன்.

அதைவிட முக்கியமான ஒன்று. பாதித் தூரத்தில் 94, முடிவில் 113. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 1.20. ஆரோக்கியமான வண்டியில் 1.25-க்குப் பக்கத்தில் நிற்கும். முதல் பாதியில் சுமாராகத் தள்ளிய வண்டி இரண்டாம் பாதியில் மூச்சு வாங்குகிறது. ஓட ஓட ஏதோ ஒன்று சக்தியைத் தின்கிறது.

டைனோ_சந்தேகி

அந்த 540 எந்தத் திருத்தத்தில் (காற்றின் நிலைக்கு ஏற்ப டைனோ எண்ணை மாற்றும் கணக்கு) எடுத்தது? தாளின் ஓரத்தில் எஸ்ஏஇ அல்லது எஸ்டிடி என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்.

வி8_விசிறி

பார்த்தேன். எஸ்டிடி என்று இருக்கிறது.

டைனோ_சந்தேகி

அப்படியானால் முதல் 20 குதிரைகள் தாளில் மட்டும்தான் ஓடுகின்றன. எஸ்டிடி திருத்தம் 15.6 டிகிரி காற்றை அடிப்படையாக வைக்கிறது. எஸ்ஏஇ ஜே1349 திருத்தம் 25 டிகிரி, 99 கிலோபாஸ்கல் உலர்ந்த காற்றை வைக்கிறது. ஒரே வண்டிக்கு முன்னது சுமார் 4 சதவீதம் அதிகம் காட்டும். உங்கள் 540 எஸ்ஏஇ-யில் 520.

அப்புறம் வெயில். 34 டிகிரியில், ஈரக்காற்றில், கடல் மட்டத்தில் நின்றால்கூட அடர்த்தி உயரம் (அந்தக் காற்று எந்த உயரத்துக் காற்றின் அடர்த்திக்குச் சமம் என்பது) 3000 அடியை ஒட்டி வந்துவிடும். காற்றின் அடர்த்தி நிலையான அளவில் 91, 92 சதவீதம். “சூப்பர்சார்ஜர் இருக்கிறதே, அது ஈடுகட்டாதா” என்று கேட்பவர்கள் உண்டு. ஈடுகட்டாது. அது உள்ளே வரும் காற்றைத்தான் பெருக்கிக் கொடுக்கிறது. வருவதே மெல்லிசாக இருந்தால் போவதும் மெல்லிசுதான்.

எல்லாம் கழித்தால் அன்று உங்களிடம் இருந்திருக்க வேண்டியது சுமார் 495. அதற்கே 117, 118 மைல் வர வேண்டும். 113-க்கு வெயில் மட்டும் காரணமில்லை.

இன்னொன்று, டைனோவில் பானெட்டைத் திறந்துவைத்து, முன்னால் பெரிய விசிறியைப் போட்டு, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவில் ஆறவிட்டு எடுப்பார்கள். டிராக் வரிசையில் எஞ்சின் ஓடிக்கொண்டே வெயிலில் நகர்வது வேறு கதை.

லாக்_போடு

ஊகம் போதும். லாக் (ஓடும்போது வண்டிக் கணினி காட்டும் அளவுகளின் பதிவு) இருக்கிறதா? ஓபிடி (கோளாறு பார்க்கும் கருவியைச் செருகும் இடம்) வழியாக எடுத்தாலும் போதும். எனக்கு வேண்டியவை: ஆர்பிஎம், பூஸ்ட், இன்டர்கூலருக்குப் பிறகு உள்ள காற்று வெப்பம், இக்னிஷன் டைமிங் (பொறி எத்தனை டிகிரி முன்னதாக விழுகிறது என்பது), நாக் (எரிபொருள் தானாக வெடிப்பது) சென்சார் குறைப்பு, காற்று எரிபொருள் விகிதம், எரிபொருள் அழுத்தம், பெடல் சதவீதம், காற்றை உள்ளே விடும் த்ராட்டில் தகட்டின் சதவீதம்.

கடைசி இரண்டையும் தனித்தனியாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. இப்போதைய வண்டிகளில் காலுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் கம்பி இல்லை, கணினி இருக்கிறது. சூப்பர்சார்ஜர் தரும் டார்க், ட்யூனில் (கணினியின் அமைப்பில்) எழுதியிருக்கும் வரம்பைத் தாண்டினால் நீங்கள் பெடலைத் தரையோடு மிதித்தாலும் கணினி தகட்டை 60, 70 சதவீதத்துக்கு மூடிவிடும். விளக்கும் எரியாது, சத்தமும் வராது.

ஆக்டேன்_92

இடையில் ஒரு கேள்வி. ஸ்பார்க் பிளக் இடைவெளி எவ்வளவு? பூஸ்ட் இல்லாத எஞ்சினுக்கு வைத்த 1.1, 1.2 மில்லிமீட்டரை அப்படியே விட்டால் அழுத்தம் ஏறும்போது பொறி அணையும். 0.7 முதல் 0.9 வரை வைத்து, வெப்ப எண்ணில் ஒரு படி குளிர்ந்த பிளக் போடுவது வழக்கம்.

வி8_விசிறி

பிளக் 0.8, ஒரு படி குளிர்ந்தது, கிட்டோடு வந்தவை. தடுமாற்றம் எதுவும் உணரவில்லை.

லாக் இருக்கிறது. மூன்றாம் கியரில்:

4000 ஆர்பிஎம்: பூஸ்ட் 6.8
5000: 6.5
6000: 6.1
6800: 5.6

காற்று வெப்பம் கிளம்பும்போது 57 டிகிரி, கோட்டைத் தாண்டும்போது 98. டைமிங் 18-இல் ஆரம்பித்து 11 வரை இறங்குகிறது. நாக் குறைப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். காற்று எரிபொருள் விகிதம் 11.6-இல் ஆடாமல் நிற்கிறது. எரிபொருள் அழுத்தமும் அப்படியே. பெடல் 100, த்ராட்டில் 100.

டைனோ தாளில் 6000-இல் பூஸ்ட் 8.8 என்று இருக்கிறது.

லாக்_போடு

நல்ல லாக். இதிலேயே பாதி சந்தேகங்கள் போய்விட்டன. த்ராட்டில் மூடவில்லை, பெட்ரோல் பற்றாக்குறை இல்லை, நாக் இல்லை. டைமிங்கைக் கணினி காற்று வெப்ப அட்டவணையைப் பார்த்துத்தான் இறக்குகிறது. அதாவது அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, கோபித்துக்கொண்டு ட்யூனரிடம் போகாதீர்கள்.

மீதி இரண்டு கேள்விகள்: பூஸ்ட் ஏன் குறைவு, காற்று ஏன் இவ்வளவு சூடு.

பெல்ட்_கீச்சு

முதல் கேள்விக்குப் பதில் பெல்ட் வழுக்கல், சந்தேகமே வேண்டாம். ரூட்ஸ் ஒரு சுற்றுக்கு இவ்வளவு காற்று என்று அளந்து தள்ளும் கருவி. ஆர்பிஎம் ஏறினால் பூஸ்ட் நிற்க வேண்டும், அல்லது கொஞ்சம் ஏற வேண்டும். இங்கே 6.8-இலிருந்து 5.6-க்கு விழுகிறது. பெல்ட்டை இறுக்கும் டென்ஷனர் தளர்ந்திருக்கும். புல்லியைச் சுற்றிக் கறுப்புத் தூள் இருக்கிறதா, புல்லியின் பள்ளங்கள் கண்ணாடி மாதிரி பளபளக்கின்றனவா பாருங்கள்.

கால்மைல்காரன்

பெல்ட்டாகவும் இருக்கலாம். ஆனால் ஒன்று இடிக்கிறது. பெல்ட் வழுக்கும் வண்டியில் கீழ் ஆர்பிஎம்மில் பூஸ்ட் முழுதாக வந்து, மேலே போய்த்தான் விழும். இவருக்கு 4000-இலேயே 6.8. ஆரம்பத்திலிருந்தே இரண்டு பிஎஸ்ஐ காணோம். மேலும், பெல்ட் வழுக்கினால் ரோட்டர் மெதுவாகச் சுற்றும், காற்றும் குறைவாகச் சூடாக வேண்டும். இங்கே பூஸ்ட் குறைவு, சூடு அதிகம். இரண்டும் சேர்ந்து வருவது எனக்குப் பைபாஸ் வால்வை ஞாபகப்படுத்துகிறது.

வி8_விசிறி

அண்ணே, அந்த வால்வு எஞ்சினுக்குள் இருப்பதா?

கால்மைல்காரன்

இல்லை. சூப்பர்சார்ஜர் உடம்பிலேயே சின்னதாக ஒரு வண்ணத்துப்பூச்சித் தகடு. சாதாரணமாக ஓட்டும்போது வெற்றிடம் அதைத் திறந்து வைக்கும். தள்ளிய காற்று சுற்றி மறுபடி நுழைவாய்க்கே வந்துவிடும், எஞ்சினுக்கு வீண் சுமை இருக்காது. பெடலை மிதித்ததும் வெற்றிடம் போய் ஸ்பிரிங் அதை மூடும், பூஸ்ட் பிறக்கும்.

அது முழுதாக மூடாமல் ஒரு நூல் திறந்திருந்தால் என்ன ஆகும்? அழுத்தி, சூடாக்கிய காற்றில் ஒரு பங்கு திரும்ப நுழைவாய்க்குப் போகும். ரோட்டர் அதையே மறுபடி அழுத்தும், இன்னும் சூடாகும். பூஸ்ட்டும் போகும், வெப்பமும் ஏறும்.

சூடு எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள். 30 டிகிரிக் காற்றை 9 பிஎஸ்ஐக்கு அழுத்தினால், நஷ்டமே இல்லாத கருவியாக இருந்தால்கூட 40 டிகிரிக்கு மேல் ஏறும். ரூட்ஸின் திறமை 55 சதவீதம் என்று வைத்தால் ஏற்றம் 80-ஐ ஒட்டும், வெளியே வரும் காற்று 110. இது எல்லாம் ஒழுங்காக இருக்கும்போதே. அந்த 110-ஐக் கீழே இறக்கத்தான் இன்டர்கூலர். அதற்குள் வரும் காற்றே ஏற்கெனவே சூடு என்றால் அது பாவம் என்ன செய்யும்?

பெல்ட்_கீச்சு

சரி, ஊகத்தை விட்டு அளந்துவிடலாம். ஓட்டம் முடிந்து வந்தவுடன் இன்ஃப்ராரெட் வெப்பமானியை சூப்பர்சார்ஜர் புல்லியின் மேல் காட்டுங்கள், பிறகு பக்கத்தில் பெல்ட்டுக்கு வழிகாட்டச் சும்மா சுற்றும் ஐட்லர் புல்லியின் மேல். பெல்ட் வழுக்கியிருந்தால் முதலாவது தனியாகக் கொதிக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒன்று என்றால் நான் வாபஸ்.

புகைக்குழாய்

பூஸ்ட் குறைவாக இருப்பதால் உங்கள் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் தப்பித்தது. அது அடைத்தால் பூஸ்ட் மீட்டர் உயரும், வேகம் குறையும். பூஸ்ட் என்பது உள்ளே போக முடியாமல் நிற்கும் காற்றின் அழுத்தம்தானே. மீட்டரில் 11 பார்த்துவிட்டுக் கொண்டாடி, பிறகு எக்சாஸ்ட் அடைப்பு என்று தெரிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

லாக்_போடு

விசிறி, டைனோவுக்கும் டிராக்குக்கும் நடுவில் வண்டியில் யாராவது கை வைத்தார்களா? டைனோவில் 8.8 இருந்தது என்றால் அப்போது எல்லாம் மூடித்தான் இருந்திருக்கிறது.

வி8_விசிறி

ஆமாம். இன்டர்கூலர் தண்ணீர் ஹோஸ் ஒன்று கசிந்தது. வெளியே ஒரு பட்டறையில் மாற்றிக் கொடுத்தார்கள். அரை மணி நேர வேலை, சூப்பர்சார்ஜரைத் தொடவில்லை என்றுதான் சொன்னார்கள்.

லாக்_போடு

அப்படியானால் இரண்டு வேலை. ஒன்று, எஞ்சினை அணைத்துவிட்டு பைபாஸின் சின்னக் கையைப் பாருங்கள். அணைத்த நிலையில் அது தன் நிறுத்தத்தில் போய் இடித்து நிற்க வேண்டும். ஐட்லில் ஆக்சுவேட்டர் அதை இழுத்து வைத்திருக்க வேண்டும். த்ராட்டிலை ஒரு தட்டுத் தட்டினால் டக்கென்று திரும்ப வேண்டும். விரலால் தள்ளி விட்டுப் பாருங்கள், தடங்கல் இல்லாமல் வருகிறதா என்று.

இரண்டு, இன்டர்கூலர் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து, வண்டி ஆறியிருக்கும்போது பம்பை ஓடவிடுங்கள். மேற்பரப்பு சுழல வேண்டும். பம்ப் சத்தம் போடுகிறது, தண்ணீர் அசையவில்லை என்றால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. ஹோஸ் மாற்றியவர்கள் காற்றை வெளியேற்றாமல் விட்டால் இதுதான் நடக்கும்.

வி8_விசிறி

கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். 

மாற்றிய ஹோஸ் போகிற வழியில் ஒரு வயரிங் கட்டு இருந்திருக்கிறது. அதை ஓரமாக ஒதுக்கி, புதிதாக ஒரு ஜிப் டை போட்டுக் கட்டியிருக்கிறார்கள். கட்டிய பிறகு டையின் வாலை வெட்டவில்லை. அதன் தலைப்பக்கம் பைபாஸ் கையின் பின்னால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. கை நிறுத்தத்தைத் தொடும் முன்பே அதில் இடித்து நிற்கிறது. இடைவெளியில் ஃபீலர் கேஜை விட்டால் 2 மில்லிமீட்டர் தாராளமாகப் போகிறது. பிளாஸ்டிக்கில் கை உரசிய இடம் பளபளவென்று தேய்ந்திருக்கிறது.

தொட்டியும் நீங்கள் சொன்னபடிதான். பம்ப் முனகுகிறது, தண்ணீர் சும்மா கிடக்கிறது.

பெல்ட்_கீச்சு, புல்லியில் தூள் இல்லை. ஓட்டிவிட்டு வந்து அளந்ததில் சூப்பர்சார்ஜர் புல்லி ஐட்லரைவிட 6 டிகிரிதான் அதிகம்.

பெல்ட்_கீச்சு

வாபஸ்.

கால்மைல்காரன்

கையின் நுனியில் 2 மில்லிமீட்டர் என்பது தகட்டில் நல்ல திறப்பு. மேல் ஆர்பிஎம்மில் பூஸ்ட் மேலும் விழுந்ததும் இதனால்தான் என்று படுகிறது. காற்று சூடாகச் சூடாக, திரும்பி வரும் பங்கும் சேர்ந்து ரோட்டருக்குள் அடர்த்தி குறைந்துகொண்டே போயிருக்கும்.

டையை வெட்டி, வயரை வேறு பக்கம் கட்டுங்கள். காற்றை வெளியேற்ற வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி, தொட்டி மிக உயரத்தில் இருக்கும்படி வைத்து, மூடியைத் திறந்துவிட்டுப் பம்பை ஓடவிடுங்கள். குமிழி நிற்கும்வரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஹோஸ்களைக் கையால் பிசைந்துவிட்டால் சீக்கிரம் போகும். சில வண்டிகளில் இன்டர்கூலர் தண்ணீரை ஆற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் மேல் மூலையில் தனியாக ஒரு திருகு இருக்கும், அதையும் தளர்த்திப் பாருங்கள்.

பூஸ்ட்_பிரியன்

அப்புறம் புல்லி?

கால்மைல்காரன்

அப்புறமும் வேண்டாம். சின்ன புல்லி என்றால் ரோட்டர் வேகம் கூடும், வெப்பம் அதைவிடக் கூடும், ரோட்டரைச் சுற்ற எஞ்சின் கொடுக்கும் குதிரைகளும் கூடும். ஒரே பூஸ்ட்டில் 100 டிகிரிக் காற்றுக்குப் பதில் 60 டிகிரிக் காற்று கிடைத்தால் சிலிண்டருக்குள் போகும் காற்று 12 சதவீதம் கூடுகிறது. அதற்கு மேல் கணினி பிடுங்கிய 7 டிகிரி டைமிங்கும் திரும்பி வருகிறது. புல்லி வாங்கும் பணத்தில் பெரிய ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாங்குங்கள் என்பதுதான் என் கட்சி.

2.05-க்கு வேறு மருந்து. பின்னால் டிராக் ரேடியல் (டிராக்குக்கான ஒட்டும் டயர்) போடுங்கள், காற்றழுத்தத்தை டயர் கம்பெனி டிராக்குக்குச் சொல்லும் அளவுக்கு இறக்குங்கள், பர்ன்அவுட் (பின் டயரை நனைத்து, நின்ற இடத்தில் சுற்றிச் சூடாக்குவது) டயர் ஒட்டும்வரை போதும், புகைப்படத்துக்காக வேண்டாம். முன்சக்கரத்தை அந்தத் தண்ணீரில் நனைக்காமல் சுற்றி வாருங்கள். கிளட்ச் மேனுவலில் கிளம்பும் ஆர்பிஎம்மை 500 படிகளில் மாற்றிப் பார்த்துச் சீட்டில் எழுதி வையுங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

வி8_விசிறி

டையை வெட்டி, காற்றை எடுத்து, டிராக் ரேடியல் போட்டுக்கொண்டு போனேன். மாலை ஓட்டம், 24 டிகிரி.

60 அடி: 1.86
எட்டில் ஒரு மைல்: 7.50, 97 மைல்
கால் மைல்: 11.61, 121 மைல்

பூஸ்ட் 4000-இல் 8.9, 6800-இல் 9.1. காற்று வெப்பம் கிளம்பும்போது 38, முடிவில் 66. டைமிங் 18-இலேயே நிற்கிறது.

டைனோ_சந்தேகி

வாழ்த்துகள். ஆனால் 113-க்கும் 121-க்கும் நடுவில் உள்ள எட்டு மைலையும் ஜிப் டை கணக்கில் எழுதாதீர்கள். 34 டிகிரி மதியத்துக்கும் 24 டிகிரி மாலைக்கும் வித்தியாசமே ஒன்றரை, இரண்டு மைல் இருக்கும். பூஸ்ட் 9-இல் நிற்பதும் வேக விகிதம் 1.25-க்கு வந்ததும்தான் உண்மையான சான்று. 12.36 எப்படி 11.61 ஆனது என்று கேட்டால் அதில் டயருக்கும் நல்ல பங்கு உண்டு.

லாக்_போடு

அடுத்த ஓட்டத்துக்கு முன் வெப்பம் 38-க்கு இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்றும் குறித்து வையுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டுப் பம்பை மட்டும் ஓடவிட ஒரு சுவிட்ச் போட்டால் வரிசையில் நிற்கும்போதே ஆறும். தொட்டியில் ஐஸ் போடுகிறவர்களும் உண்டு, டிராக்கில் சொட்டாமல் பார்த்துக்கொண்டால் சரி.

புதுவரவு_சென்ட்ரி

இழையை இப்போதுதான் படித்தேன். என்னுடையது சென்ட்ரிஃப்யூகல் (சுழலும் இம்பெல்லர் விசிறியால் காற்றைத் தள்ளும்) சூப்பர்சார்ஜர். 6000 வரை பூஸ்ட் ஏறிக்கொண்டே போய், அதற்கு மேல் ஒன்றரை பிஎஸ்ஐ விழுகிறது. எனக்கும் பைபாஸா?

பெல்ட்_கீச்சு

உங்களுக்குத்தான் என் பதில் பொருந்தும். சென்ட்ரிஃப்யூகலில் பூஸ்ட் ஏறக்குறைய வேகத்தின் இருமடியாக ஏறும், ரெட்லைனில்தான் உச்சம். மேலே போய் விழுகிறது என்றால் முதல் சந்தேகம் பெல்ட், அடுத்தது வெளியேற்று வால்வின் ஸ்பிரிங், மூன்றாவது உறிஞ்சும் பக்கத்து ஃபில்டர். ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள், ஒரு சின்னக் கல் போதும் இம்பெல்லரை முடிக்க. ஃபில்டருக்கும் சூப்பர்சார்ஜருக்கும் நடுவில் வெற்றிட மீட்டரைப் பொருத்தி, முழு த்ராட்டிலில் எவ்வளவு இழுக்கிறது என்று பாருங்கள். ஆர்பிஎம்மோடு சேர்த்து லாக்கையும் தனி இழையில் போடுங்கள், பார்த்துவிடலாம்.